கேட் போட்டாச்சு

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
எஞ்சின் இந்தப் பக்கம் கழன்று
அந்தப் பக்கம் மாட்டுகிறவரை ஊர் நிற்கும்.
பஸ், ஆம்புலன்ஸ், அறுவடை மிஷின்,
மாப்பிள்ளை அழைப்புக் கார்.
அந்த இடம்தான் வேண்டுமென்றார்கள்
படக்காரர்கள்.

வேலையில்லாத பையன்கள் நாற்பது பேர்.
நாளைக்கு ஐந்நூறு, மதியம் சாம்பார் சாதம்.
இளஞ்சேரன் வண்டியோடு வந்தான்.
வண்டிக்குத் தனியாக இருநூறு.
மெக்கானிக்கல் முடித்த நாலு வருஷத்தில்
அவனைவிட அது முதலில் வேலைக்குப் போனது.

அட்டையும் பேனாவுமாய் ஒரு பெண் கேட்டாள்:
என்ன பண்றீங்க?
சும்மாத்தான் இருக்கேன் என்றேன்.
சூப்பர் என்று எழுதிக்கொண்டாள்.
அந்தப் பதிலுக்கு ஒருத்தர் முகம் மலர்ந்து
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் சட்டை புதுசாகத் தெரிகிறதாம்.
தங்கச்சி வளைகாப்புக்கு எடுத்தது.
கழற்றி, டீத்தண்ணியில் முக்கி,
தண்டவாள ஜல்லியில் தேய்த்து
ஈரத்தோடு கையில் கொடுத்தார்கள்.

இயக்குநர் நல்ல மனுஷன், கத்தவில்லை.
தோளில் கைபோட்டுச் சொன்னார்:
கண்ணுல இன்னும் கொஞ்சம் வெறுமை வேணும் தம்பி,
இனிமே ஒண்ணுமே இல்லங்கிற மாதிரி.
ஆறு டேக் போச்சு.
ஏழாவதில்
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறவர் எதிரில்
மூட்டைக்கு நாற்பது எண்ணிக் கொடுத்துவிட்டு
அப்பா சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.
ஓகே என்றார்கள்.

நடுவில் நிஜமாகவே கேட் திறந்துவிட்டது.
யாரும் நகரக்கூடாது, யாரும் நகரக்கூடாது
என்று மைக்கில் கெஞ்சினார்கள்.
நாங்கள் நகரவில்லை.
பின்னால் ஒரு லாரிக்காரர் எங்கள் பரம்பரையையே இழுத்தார்.

படம் மாசியில் வந்தது.
மன்னார்குடியில் ஒரு தியேட்டர், ஒரு காட்சி.
டிக்கெட் நூற்றைம்பது, வண்டி விட இருபது.
பாப்கார்ன் வாசனை மட்டும் சும்மா கிடைத்தது.
படத்துக்கு முன்னால் விளம்பரம்:
நகைக்கடன், அப்புறம் பைபாஸ் ஓரம் வீட்டு மனை.
கல் ஊன்றி, தோரண வளைவு வைத்து
எங்கள் பெரியப்பா வயல்
அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது திரையில்.

கதாநாயகன் சர்டிபிகேட்டைக் கிழித்து
பாமணி ஆற்றில் விட்டான்.
விசில்.
மனுஷனுக்கு விலைச்சீட்டு ஒட்டுறாங்கடா என்றான்.
விசில்.
என் முழங்கை வந்தது.
ஏழு டேக் முகத்தை எங்கேயும் காணவில்லை.
ஆனால் இளஞ்சேரன் வண்டி
மூன்று விநாடி, முழுத் திரைக்கும்,
நம்பர் பிளேட் பளிச்சென்று.
அவன் என் தொடையைக் கிள்ளினான் சந்தோஷத்தில்.

இரண்டு வரிசை பின்னால் வைரவேல் இருந்தது
எங்களுக்குத் தெரியாது.
பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச்.
இப்போது பைனான்ஸில், தவணை தவறிய வண்டி தூக்குகிற வேலை.
செல்லில் நூற்றுப்பத்து நம்பர் வைத்திருக்கிறான்.

படம் விட்டு ஸ்டாண்டுக்கு வந்தோம்.
வண்டி மேல் உட்கார்ந்திருந்தான்.
கண் சிவந்திருந்தது.
படம் கொன்னுடுச்சுடா, கடைசியில அழுதுட்டேன் என்றான்.
அப்புறம் தாளை நீட்டி
இந்த மாசம் ஒண்ணு குறையுது மாப்ளே,
இங்க ஒரு கையெழுத்து.
இளஞ்சேரன் சண்டை போடுவான் என்று நினைத்தேன்.
பேனா எழுதவில்லை என்று உதறினான்.
மறுபடி உதறினான்.
எழுதியது.

கடைசி பஸ் போயிருந்தது.
வாங்கடா, எறக்கிவிட்டுட்டே போறேன் என்றான் வைரவேல்.
மூன்று பேரும் ஒரே வண்டியில்.
பெட்ரோல் இளஞ்சேரனுடையது.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
எஞ்சினை அணைத்தோம்.
எஞ்சின் மாற்றுகிற சத்தம்,
கடலைக்காரர் அடுப்பு,
முன்னால் நெல் மூட்டை லாரி, அதன் சிவப்பு வெளிச்சம்.
யாரும் பேசவில்லை.
வைரவேல் மெதுவாகக் கேட்டான்:
நீயும் அதுல வர்றியாமே, எந்த இடத்துல?
முழங்கையைக் காட்டினேன்.

இளஞ்சேரன் இறங்கினான்.
பின்னால் குனிந்து
நம்பர் பிளேட்டில் காய்ந்திருந்த சேற்றைக்
கட்டைவிரலால் சுரண்டினான்.
என்னடா பண்றே என்றேன்.
காலையில யார்டுல போட்டோ எடுப்பாங்களாம்,
நல்லா விழட்டும்.