வை. தனக்கோட்டி

மூன்று முறை கூப்பிடுவது என் வேலை.
மஞ்சக்குப்பம் கோர்ட்டு, மாடி வராந்தா.
டவாலியின் பித்தளை வில்லை
வெயிலில் சுட்டாலும் கழற்றக்கூடாது.

"தனக்கோட்டீ" என்பேன்.
வேப்பமரத்தடியில் இரண்டு பேர் எழுவார்கள்,
வாதியும் பிரதிவாதியும்.
இரண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்து: வை.

ஒருவர் வைரக்கண்ணு மகன்.
இன்னொருவர் வையாபுரி மகன்.
கேப்பர் மலைச் செம்மண்ணில் ஒரு ஏக்கர் பதினோரு சென்ட்,
நாற்பத்தொரு முந்திரி, வரப்போரம் மூன்று பலா.
நட்டது வைரக்கண்ணு மகன்.
ஊரே சொல்லும்.
ஊர் சொன்னால் அது வாய்ச்சொல்.

எண்பத்தைந்தில் கணக்கைப் புதிதாய் எழுத வந்தவர்
பசியிலோ பஸ்ஸுக்கு நேரமாகியோ
அப்பன் பேரை ஓரெழுத்தில் முடித்துவிட்டுப் போனார்.
பட்டா வையாபுரி வீட்டுக்குப் போயிற்று.
யாரும் பார்க்கவில்லை.
முந்திரிக்கும் படிக்கத் தெரியாது,
நட்டவன் சாக்கிலேயே விழுந்துகொண்டிருந்தது
இருபத்தாறு வருஷம்.

பிறகு தானே புயல்.
ஒரே ராத்திரி.
விடிந்தபோது தோப்பு மொத்தமும்
வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தது.
நிவாரணம் வந்தது, பட்டாப்படி.
மரம் விழுந்தவருக்கு விறகு,
விழாதவருக்குக் காசோலை.

கிராம நிர்வாக அலுவலர் கூண்டேறி
'அ' பதிவேட்டை விரித்தார்.
"இந்த வை. யாரு?"
"பதிவேட்டில் உள்ளபடி வை."
"வைரக்கண்ணுவா, வையாபுரியா?"
"பதிவேட்டில் உள்ளபடிதான் ஐயா."
நீதிபதி பேனாவை மூடினார்.
வாய்தா.

வக்கீல் கமிஷனர் இடம் பார்க்கப் போனார்.
சங்கிலி பிடிக்க ஆள் இல்லை.
ஆளுக்கொரு முனை பிடித்தது
இரண்டு தனக்கோட்டியும்தான்.
அடிக்கட்டை எண்ணினால் முப்பத்தொன்பது.
மீதி இரண்டை
இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்களாம்,
முள்ளுக்குள் குனிந்து, பொழுது சாயும்வரை.

வருவதும் ஒரே பஸ்.
ஒருவர் டிக்கெட் எடுத்தால் மற்றவர் டீ.

ஒருநாள் தண்ணீர்ப் பானையருகே
பிரதிவாதி என்னிடம் சொன்னார்:
"அது என்னுது இல்லம்மா.
பட்டாவ வச்சு பையன் சொசைட்டியில கடன் வாங்கிட்டான்.
இப்ப இல்லன்னு சொன்னா
அவன் திருடன் ஆயிடுவான்."
நான் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
கூப்பிடத்தான் எனக்குச் சம்பளம்,
கேட்பதற்கு இல்லை.

எனக்கும் நிலம் உண்டு, குறிஞ்சிப்பாடிப் பக்கம்.
சிட்டாவில் அண்ணன்கள் இருவர் பேர்,
அப்புறம் 'வகையறா'.
அந்த வகையறா நான்.
ஒருநாள் வழக்கென்று வந்தால்
என்னை எப்படிக் கூப்பிடுவார்கள், மூன்று முறை?

ஏழாம் வருஷம் ஆடியில்
வைரக்கண்ணு மகன் செத்துப்போனார்.
பெண்டாட்டியும் இரண்டு மகள்களும்
வாரிசுதாரர்களாய்ச் சேர்க்கப்பட்டார்கள்.
அவர்கள் தலையெழுத்து த.

தீர்ப்பு ஒன்பது பக்கம்.
பட்டா தீர்வை வாங்கத்தான்,
நிலத்தைத் தராது என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது.
ஆனால் அதற்கு முன் நான் கூப்பிட வேண்டும்,
தாளில் உள்ளபடி:
"இறந்துபோன வை. தனக்கோட்டீ, வாரிசுகள்..."

முதல் அழைப்பிலேயே
வேப்பமரத்தடியில் எழுந்துவிட்டார்
வையாபுரி மகன்.
தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது.
பெண்கள் மூவரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
அவரைக் கடந்து படியேறினார்கள்.
அவர் உட்காரவில்லை.
நானும் உட்காரச் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு முறை பாக்கி இருந்தது.
கூப்பிட்டேன்.