பதினொன்று

அலென்டேஜுவில் மூன்றாம் ஆண்டாக மழை பொய்த்தது.
பட்டை உரித்த கார்க் மரங்கள்
சிவந்த தொடையோடு நின்றன.
நகராட்சியிடம் ஒரே ஒரு ஆழ்துளைக்குத்தான் பணம்.
எங்கே துளைப்பது?
பெலார்மினோவின் ஒலிவக் கவைக்குச்சி சொல்லும் என்றது ஊர்.
நாற்பது வருடமாக நீரோட்டம் பார்க்கிற கை.
சோதித்துவிட்டுச் சொல்லட்டும் என்றாள்
வேதியியல் டீச்சர் இலீடியா.

ஊர் அவளை முறைத்தது.
அவர் தொப்பியைக் கழற்றி, "சரி" என்றார்.

தீயணைப்பு நிலையத்தில் இருபது வாளி, இருபது மூடி.
நான் ரொட்டி வண்டி ஓட்டுகிறவள்.
யாருக்கும் உறவில்லை, யாரிடமும் கடனில்லை,
அதனால் என்னைப் பிடித்தார்கள்.
விடியுமுன் தனியாக நின்று ஒரு யூரோவைச் சுண்டினேன்.
கோட்டைப் பக்கம் விழுந்தால் தண்ணீர்,
எண் பக்கம் விழுந்தால் மணல்.
சுண்டி, நிரப்பி, மூடி, எழுதி, உறையில் ஒட்டினேன்.

முதலில் வேறு ஐந்து வாளிகள், மூடியில்லாமல்.
ஐந்துக்கு ஐந்து.
தண்ணீருக்கு மேல் கவை தலைகுனிந்தது.
அவர் நடிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன்,
மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது.
பதினாறு சரியாக வந்தால் ஒப்புக்கொள்வது என்று
ஓட்டுக்கடை காலண்டரின் பின்பக்கம்
இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் என்னை உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.
ரப்பர் குழாய்கள் சுருண்டு கிடக்கும் அறை, வெளியே தாழ்ப்பாள்.
ஏன் என்றேன்.
"உனக்குப் பதில் தெரியும், ஜில்டா.
வாயை மூடிக்கொள்வாய். முகத்தை?
எனக்குத் தெரியாது, நான் வெளியே இருக்கலாம்."

விசித்திரம்தான்.
தெரிந்தவளைப் பூட்டிவிட்டுத்
தெரியாதவர்கள் எல்லாம் சேர்ந்து தேடுவது.

குழாய் வாடையில் உட்கார்ந்து காதைத் தீட்டினேன்.
அவருடைய பூட்ஸ். நிற்கும். நகரும். நிற்கும்.
ஏழு மணல், ஐயா, ஏழு மணல் என்று
மனதுக்குள் கத்தினேன்.
எனக்கு அவர் ஜெயிக்க வேண்டும்.
டீச்சரிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.
கதவு நல்ல கனம்.

பதினொன்று.

"பாதிக்கு மேல்!" என்று இறைச்சிக்கடை அன்செல்மோ
தீயணைப்பு வண்டியின் மீது தாளம் போட்டான்.
கூட்டம் கை தட்டியது.
நாணயத்திடம் கேட்டிருந்தாலும்
ஏறக்குறைய இவ்வளவுதான் வரும் என்றாள் இலீடியா.
அது அவள் காதுக்கே கேட்டிருக்காது.
அடுத்த செவ்வாய் நகராட்சி அவருக்கே வேலை கொடுத்தது:
ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இரண்டு.
பதிவேட்டில் இருக்கிறது.

ஆனால் அவர் இடம் சொல்லவில்லை.
நாளை நாளை என்றே பத்து நாள்.

பதினோராம் நாள், இருட்டு விலகாத நேரம்,
பேக்கரிக் கதவைத் தட்டினார்.
"அந்த நாணயம் இருக்கிறதா?"
மாவு தூவிய பலகையில் நான் சுண்ட,
கவை இல்லாமல், கண்ணை மூடி,
வாய்க்கு வந்ததை அவர் சொல்ல,
மளிகை நோட்டில் கோடு கோடாக விழுந்தது.
இருபதுக்கு எட்டு. மறுபடி பன்னிரண்டு.
மறுபடி பதினொன்று.
பென்சிலை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்தார்.
"அப்படியானால் குச்சியை வளைத்தது யார்?"

டீச்சரிடம் அதற்கு ஒரு சொல் உண்டு.
நான் வாய் திறக்கவில்லை.
ரொட்டி கருகும் வாசனை வந்தது, ஓடி எடுத்தேன்.

"இன்னொரு இருபது" என்றார்.
அதில் கடைசியாகச் சுண்டியது பலகையில் துள்ளி,
உருண்டு, அடுப்புக்கு அடியில் போய்விட்டது.
அந்த அடுப்பு நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது.
"இதை எப்படி எழுத?" என்றார்.
தெரியாது, என்றேன்.
நான் சொன்னது பதில் என்று எடுத்துக்கொண்டு,
நாக்கைக் கடித்தபடி, எழுத்துக் கூட்டி
எழுதினார்:

இருபது — தெரியாது.