இரண்டு மணி மழை

பெலேமில் மழைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும்.
மழைக்குப் பிறகு வா என்றால்
மூன்று மணிக்கு என்று பொருள்.

ஒன்றேகாலுக்கு
நான்கு சாஸரில் நான்கு வெள்ளை இதழ்கள் வைத்தேன்.
அடியில் எல்லாவற்றுக்கும் ஒரு தொடுகை சிவப்பு.
ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்தேன்.
இராசில்டாவின் கல்யாணக் கேக்
மூன்று மணி நேரம் படகில் போக வேண்டும்,
மராஜோ தீவுக்கு.
மேலே ஒரு ராட்சத அல்லி கேட்டிருக்கிறாள்.

முதல் சாஸர் ஃபாண்டன்ட்.
இங்கே அதற்கு அமெரிக்க மாவு என்று பெயர்,
அமெரிக்காவில் யாரும் அப்படிச் சொல்வதில்லையாம்.
கேக்கின் மேல் போர்த்தினால்
இஸ்திரி போட்ட விரிப்பு.
இதழாக நில் என்றால்
பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிவிட்ட பிள்ளை.

அடுத்தது கம் பேஸ்ட்.
டைலோஸ் பொடி ஒரு சிட்டிகை ஏறினால் வெடிக்கும்,
இறங்கினால் துவளும்.
செய்தித்தாள் மேல் தேய்த்தால்
தலைப்பை வாசிக்கலாம், அவ்வளவு மெலிசு.
தின்னலாம் என்று டப்பா சொல்கிறது.
பல் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மார்சிபான்:
கப்பலேறி வந்த பாதாம், கப்பலேறிய விலை.
வெள்ளை என்று சத்தியம் செய்யும் பழுப்பு.
வெட்டிய ஓரங்களை நானும் வால்டெனீரும்
கணக்கில் எழுதாமல் தின்றோம்.

கடைசியில் வெள்ளை மாடலிங் சாக்லேட்.
முப்பத்திரண்டு டிகிரியில்
அதற்கென்று சொந்த அபிப்பிராயம் கிடையாது.

இரண்டு மணி.
தகரக் கூரையில் யாரோ
மூட்டை மூட்டையாகச் சரளை கொட்டினார்கள்.

சாக்லேட் முதலில் உட்கார்ந்தது,
பிறகு படுத்துவிட்டது.
மார்சிபான் அசையவில்லை,
ஆனால் சுவரோரமாக எறும்புகள்
அதற்கு மட்டும் வரிசையில் வந்தன.
(அவற்றின் கருத்தை நான் கேட்கவில்லை.)
கம் பேஸ்ட் நின்றது.
நுனி ஒரு நூல் தளர்ந்தது, அவ்வளவுதான்.
நோட்டில் ஒன்பது மார்க் போட்டேன்.
ஃபாண்டன்ட் வியர்த்தது.
அடிச்சிவப்பு மெல்ல மேலேறி
இதழ் முழுக்கக் கசிந்தது.
மூன்று. கருணைக்காக மூன்று.

குடை சொட்டச் சொட்ட இராசில்டா வந்தாள்.
படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவள்,
ஐம்பத்தெட்டு வயது.
நிற்கிற இதழைப் பார்த்து நல்லது என்றாள்,
சரியான சில்லறையை ஒப்புக்கொள்வதுபோல.
பிறகு குனிந்தாள்.

"இது ரெண்டாம் ராத்திரிப் பூ."

அல்லி முதல் ராத்திரி வெள்ளை,
மறு ராத்திரி இளஞ்சிவப்பு.
ஆற்றங்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும்,
எனக்கும்தான்.

"இது படகில் நிற்காது, இராசில்டா."

"எதுக்கு நிக்கணும்?
அது தண்ணியில படுத்துக்கிட்டுதானே இருக்கு."

முன்பணம் எண்ணிவைத்தாள், ஈர நோட்டுகள்.
ஒன்பதை நான் அடிக்கவில்லை,
ஒன்பது சரியான மார்க்தான்.
அமெரிக்க மாவு இரண்டு கிலோ சொல்லிவிட்டு
எறும்புகளின் சாஸரை
ஜன்னலுக்கு வெளியே நகர்த்தினேன்.