பத்து வரை

கேட் செய்து மிஞ்சிய கம்பிகளை
மன்னார்குடிப் பட்டறையில் வரிசையாகப் பற்றவைத்து
சந்திரகாசு அத்தான் கொண்டுவந்த அடுப்பு
நாலு செங்கல்மேல் ஆடாமல் நின்றது.
பாமணியாற்றில் மணல்தான்.
மேட்டூர் திறக்க இன்னும் பதினெட்டு நாள்
என்று யாரோ சொன்னார்கள்.
அதுவரை ஆறு, பிள்ளைகளுக்கு
மூன்று குச்சியும் ஒரு பந்தும்.

கொட்டாங்குச்சி பிடித்துக்கொண்டது.
முத்துப்பேட்டைக் கொடுவா,
சிவப்புப் பொடிக்குள் முகம் தெரியாத கோழி,
பொட்டலம் பொட்டலமாகப் பரோட்டா,
மணலில் கழுத்துவரை புதைத்த கலர் பாட்டில்கள்.
நான் கொண்டுபோனது
ஒரு தூக்கில் பாசிப்பயறு, ஆறு வெள்ளரி,
வெட்டாத கத்திரிக்காய் எட்டு.

கைப்பைக்குள் மடித்த காகிதத்தில்
மூன்று மாதச் சராசரி: எட்டு புள்ளி நாலு.
டாக்டர் அதைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்.
இவர்களிடம் சொல்லவில்லை.
சொன்னால்
வெந்தயம் வரும், ஆவாரம்பூ வரும்,
வடுவூரிலிருந்து ஒரு வைத்தியர் வருவார்,
"நீ ஒல்லியாத்தானே இருக்கே" வரும்.

"வயிறு சரியில்லை" என்றேன்.
"அப்போ கோழிதான் மருந்து" என்று
சௌந்தரவல்லி அக்கா தட்டில் இரண்டு வைத்தாள்.
பந்து பொறுக்க வந்த பையனிடம் ஒன்றைத் தள்ளினேன்.
திரும்பினால் மறுபடி இரண்டு.
இந்த வீட்டில் யாருக்கும் கழித்தல் தெரியாது.

கத்திரிக்காயைக் கங்கின் ஓரம் செருகினேன்.
"என் அடுப்புல சைவமா?"
அத்தான் இடுக்கியை ஆட்டினார். பிறகு
நான் கேட்காமலே
ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டார்.

பரோட்டா பிரிக்கும் நேரத்தில் அவரைக் காணோம்.
கொடுவா ஒரு பக்கம் கருகியது.
இடுக்கியைத் தேடிப்
பாலத்தூணுக்குப் பின்னால் போனேன்.
சட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி
ஊசிப் பேனாவைக் குத்தியபடி
கடித்த துணிக்குள்ளிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்:
ஏழு, எட்டு...
பத்து வரை நான் நகரவில்லை.

"உங்கக்காகிட்ட சொல்லிடாதே."
கைப்பையைத் திறந்து காகிதத்தை நீட்டினேன்.
கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் படித்தார்.
"என்னோடது பத்தரை" என்றார்,
கூடுதலாக ரெண்டு வேலி நிலம் இருப்பவர் மாதிரி.

கருகிய பக்கத்தைச் சுரண்டிவிட்டு
கொடுவாவின் நடுத்துண்டு எனக்கு, வால் அவருக்கு.
கத்திரிக்காயை உரித்துச்
சின்ன வெங்காயம், புளி, உப்போடு பிசைந்தேன்.
விரலெல்லாம் புகை வாசம்.
பயறில் பாதியை வாங்கிக்கொண்டார்.
ஒரே ஒரு பரோட்டா, இரண்டாகக் கிழித்தோம்.
அக்கா கலர் டம்ளரோடு வந்தாள்.
"அத்தானுக்கு ஊத்து."
"அவளுக்கு ஊத்து."
டம்ளர் மணலில் சாய்ந்தது.
யார் கை பட்டதென்று சொல்லமாட்டேன்.
எறும்புகளுக்கு நல்ல ராத்திரி.

அடுத்த பாலம் வரைக்கும் நடந்தோம்,
இன்னும் பதினெட்டு நாளில்
நடக்க முடியாத வழி.
திரும்பியபோது கம்பியில் சூடு இருந்தது,
ஒரு கோழித்துண்டும்.
அத்தான் எடுத்தார்.
நான் பார்த்தேன்.
தோலை உரித்தார்.
மறுபடி பார்த்தேன்.
பாதியைப் பிய்த்து
என்னிடம் நீட்டினார்.