கேஸ் ஏற்றுகிறவள்

தண்டையார்பேட்டையில் சோடா கம்பெனியில் வேலை எனக்கு.
கம்பெனி என்றால் ஒரு ஷெட், இரண்டு சிலிண்டர்,
ஐஸ் மிதக்கும் தொட்டி, என்னோடு மும்தாஜ்.

தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான்
கேஸ் உள்ளே தங்கும்.
மே மாதத்தில் பாதி சீறிக்கொண்டு போய்விடும்.
ஆறு வருஷத்தில் நான் படித்த விஞ்ஞானம்
இவ்வளவுதான்.

வீட்டுக்காரர் தேசிங்கு
காசிமேட்டில் படகுகளின் அடிவயிறு சுரண்டுகிறவர்.
போன மாசம், எண்ணூருக்கு வெளியே
மீன் அடையட்டும் என்று இறக்கிய சிமெண்ட் கூண்டுகளைப்
பார்த்துவரக் கூப்பிட்டார்கள்.
முங்கினால் நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.

கூண்டில் ஒட்டி வளர்ந்திருந்த பவளம்
முந்தி பார்த்தபோது தேன் நிறமாம்.
இப்போது வெள்ளை.
பொங்கலுக்கு அடித்த சுவர் மாதிரி
வெள்ளை.

"செத்துப்போச்சா?"
"இல்ல, உசுரு இருக்கு.
உள்ள குடியிருந்த பாசிதான் அதுக்குச் சோறு ஆக்கிப் போடுமாம்.
சூடு தாங்காம அதையே வெளிய தள்ளிடுச்சாம்.
கூட வந்த மேடம் சொன்னாங்க."

எனக்கு ஆச்சரியமாக இல்லை.
கரண்ட் போன ஜூன் ராத்திரிகளில்
இவரை நானும் தள்ளிப் படுக்கச் சொன்னவள்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம்.
சாம்பார் ஊற்றும்போது சொன்னார்:
"புகைபோக்கியிலேர்ந்து போற கேஸுல
நாலுல ஒரு பங்கு கடலு குடிச்சிடுதாம்.
ஓடு கட்டுறதுக்கெல்லாம் ஓடு ஒல்லியாயிடுமாம்."
"எந்த கேஸு?"
"நீ தண்ணியில அடிக்கிறியே, அதேதான்."

"சூட்டுத் தண்ணியில கேஸ் நிக்காதே?"
என் தொழில், நான் கேட்டேன்.
அவருக்குத் தெரியவில்லை.
பாத்திரம் கழுவும்போது எனக்கே தெரிந்துவிட்டது.
மேலே அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தால்,
ரெகுலேட்டரை நாள் தவறாமல் யாரோ திருகிக்கொண்டே இருந்தால்,
சூட்டுத் தண்ணீரும் விழுங்கித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் காலி பாட்டிலில்
அவர் சுரண்டிவந்த கொட்டலசு ஓடு ஒன்றைப் போட்டுக்
கேஸ் ஏற்றினேன்.
முத்து முத்தாய்க் குமிழ் கட்டியது, அவ்வளவுதான்.
"வறுத்துத் தின்னப் போறியா?" என்றாள் மும்தாஜ்.
ஒரு வாரம் ஜன்னலில் இருந்தது.
கொட்டி எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
ஓரம் மட்டும் மாவாக வந்தது.
மீதி கெட்டியாகத்தான் இருந்தது.
கடலுக்கும் அவசரமில்லை போல.

மத்தியானம் டோல்கேட் பக்கமிருந்து வந்து
ஷெட் வாசலில் நின்றது ஒரு நிலக்கரி லாரி.
டிரைவர், கண்ணிமையெல்லாம் கரி,
ஒரே மூச்சில் சோடாவைக் குடித்து
பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னம்மா,
கேஸ் கம்மியா இருக்கு."