ஆறாவது சாவி

இந்த வருடத்தில் இது ஆறாவது.

பெயர் பாதி உரிந்த மஞ்சள் கல்லருகே
வெள்ளைப் பிக்கப் நிற்கிறது, கண்ணாடிகள் இறக்கியபடி.
உள்ளே ஒன்றுமில்லை என்று திருடனுக்குத் தெரியவேண்டும்.
அப்படித்தான் நிறுத்தச் சொல்லி அனுப்புகிறோம்.
சாவியை எங்கே வைப்பது என்று மட்டும்
ஒருவரும் கேட்பதில்லை.

உட்ரெக்ட்டிலிருந்து வந்த தம்பதி.
அவர் கால்சட்டைப் பையைத் திரும்பத் திரும்ப
வெளியே இழுத்துக் காட்டுகிறார்,
நான் நம்பாதவன் போல.
அந்த அம்மா சாலையோரக் கழுதைக்கு
ஆப்பிள் ஊட்டிக்கொண்டிருக்கிறார்.
கணவரோடு பேச்சில்லை.

மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது.
ஆனாலும் தொலைந்ததற்கு
நூற்றெண்பது டாலர் எழுதுவாள் ஹென்ட்ரிக்கா.
மீட்டுக் கொடுத்தால் எனக்கு இருபது.
சட்டையைக் கழற்றினேன்.

வாடகைக்கு ஆகாதென்று கடை ஒதுக்கிய ஸ்நார்க்கல்,
இடது ஓரம் கசிகிற கண்ணாடி.
எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவி
பாறை விளிம்பில் உட்கார்ந்தபடியே நகர்ந்தேன்.
நின்று நடப்பவனிடம் பாதத்தைக் கேட்கும் கரை இது.

முகத்தை வைத்ததும்
காற்று நின்றது.
வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து கத்துகிற காற்று
ஓர் அங்குலத் தண்ணீரைத் தாண்டி வரவில்லை.
கீழே வேறு சத்தம்.
பக்கத்து அறையில் யாரோ கல்கண்டு கடிப்பதுபோல
கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கின்றன,
தின்றதை மணலாகக் கழிக்கின்றன.
புதுமணத் தம்பதிகள் படுத்துப் படமெடுக்கும் வெண்மணல்
எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.
சொல்வதில்லை.

முப்பத்தெட்டு வயதுவரை இதைப் பார்த்ததில்லை நான்.
உப்பளத்தில் லாரி ஓட்டினேன்.
கடல் காய்ந்த பிறகுதான் அதனோடு எனக்கு வேலை.
முதல் சாவி தொலைந்த அன்று
திட்டிக்கொண்டே தலையை உள்ளே விட்டேன்.
பிறகு திட்ட முடியவில்லை,
குழாயைக் கடித்திருந்தேன்.

இறங்கிய தடத்திலேயே தேடவேண்டும்.
உள்ளங்கை அளவு வரிமீன் ஒன்று
ஊதா முட்டைகளுக்குக் காவல் நின்று
என் விரல்மேல் பாய்ந்தது.
அதன் வீடு; விலகிப் போனேன்.
மூளைப்பவளத்தில் போன மாதம்
நாணயமாய் இருந்த வெள்ளை
இன்று சாப்பாட்டுத் தட்டு.
பார்த்துப் பழகிவிட்டது என்று எழுத நினைத்தேன்.
பழகவில்லை.

நண்டோடு, உடைந்த சிப்பி, பீர் மூடி:
பேய்க்கணவாயின் வாசல் குப்பை.
நடுவில் எங்கள் சிவப்பு அட்டை.

மூச்சைப் பிடித்து இறங்கினேன்.
பாறைக்குள்ளிருந்து ஒரு கண்
என்னை அளந்தது.
நான் அட்டையைப் பிடித்தேன்.
அது வளையத்தைப் பிடித்தது,
எட்டில் ஒரு கையால், அவசரமில்லாமல்,
பேரம் தெரிந்த கடைக்காரியைப் போல.
எனக்குத்தான் மூச்சு முட்டியது.
விட்டுவிட்டு மேலே வந்தேன்.

மறுபடி.

மூன்றாம் முறை கொடுத்தது.
ஏன் என்று தெரியாது. சலித்திருக்கலாம்.
அப்போதுதான் பார்த்தேன், வாசலில் இன்னொரு சாவி,
சுண்ணாம்பு பிடித்து, எண் மங்கி: பதினேழு.
அந்த வண்டி துருப்பிடித்து
இரும்புக் கடைக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

சாவியை நாங்கள் யாபி என்போம்.
போர்த்துக்கீசியன் கப்பலில் வந்த சொல்லாம்.
பூட்டுகளை அவன் எங்கெங்கே கொண்டுபோனானோ,
சொல் மட்டும் பல கரைகளில் இறங்கி
அந்தந்த ஊர் வாயில் தேய்ந்து கிடக்கிறதாம்.
பதினேழை அதனிடமே விட்டேன்.

கரையில் அவர் என் கையைப் பிடித்து உலுக்கினார்,
பத்து டாலர் ஈரமாய்க் கொடுத்தார்.
போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஹென்ட்ரிக்காதான்.
அந்த அம்மா கழுதையை விட்டுவிட்டு
முதல் முறையாக என்னிடம் வந்தார்.
நாலு நாளாக இவர்தான் இறங்குகிறார், என்றார்.
நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன்.
கீழே அப்படி என்ன இருக்கிறது?

சொல்லத் தொடங்கினேன்.
கிளிமீன் என்றேன். நிறுத்திக்கொண்டேன்.
கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன்.

இடது ஓரம் கசியும்
என்று மட்டும் சொன்னேன்.