ஒரு முட்டையின் அடக்க விலை

டஜன் ஏழு டாலரைத் தொட்ட வாரத்தில்
வெண்டெல் நான்கு குஞ்சுகளோடு வந்தான்.
ஷூ பெட்டி. மூடியில் ஆணியால் குத்திய துளைகள்.
"இனிமேல் கடைக்காரன் நம்மிடம் வாங்குவான்" என்றான்.

நான் மரக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.
இருபத்தாறு வருடமாக
பிறர் ஆசைகளின் கீழே இரட்டைக் கோடு போடுகிறவள்.
அன்றிரவே ஒரு நோட்டு எடுத்தேன். பச்சை அட்டை.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.

குஞ்சு நான்கு: பதினெட்டு.
கூடு, பெட்டியில் வந்தது, ஒரு திருகு குறைவாக:
முந்நூற்று எண்பத்தொன்பது.
கம்பிவலை, பலகை: நூற்று நாற்பத்தொன்று.
கட்டைவிரலில் விழுந்த சுத்தியலுக்கு விலை போடவில்லை.
நகராட்சி உரிமம்: பத்து.
டுலூத்தில் நவம்பரிலேயே தண்ணீர் கல்லாகிவிடும்;
சூடேறும் கிண்ணம், ஐம்பத்தேழு.
தீவனம் ஏழு மூட்டை, மூட்டை இருபத்து நான்கு.
வைக்கோல், கிளிஞ்சல் தூள்: இருபத்தெட்டு.

டாரிஸ், மேவிஸ், யூனிஸ், கிளாரிஸ்.
பதினாறாம் வாரம் ஒரு விடியற்காலை
கிளாரிஸ் கூவினாள்.
தெருவே ஜன்னலைத் திறந்தது.
சேவலுக்கு இந்த ஊரில் அனுமதி இல்லை.
பண்ணைக்காரர் ஒருவர் வந்து வாங்கிப் போனார்,
எதுவும் கேட்காதீர்கள் என்கிற முகத்தோடு.

முதல் முட்டை ஆகஸ்டில். மேவிஸ் போட்டது.
சின்னது, ஒரு பக்கம் லேசாகச் சப்பி.
வெண்டெல் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வந்து
சமையலறை நடுவில் நின்றான்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.
ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.
அந்த நிமிடக் கணக்குப்படி
அறுநூற்றுச் சொச்சம் டாலர்.
உப்பு, மிளகு தனி.

வருடம் முடிந்ததும் கூட்டினேன்.
செலவு எண்ணூற்றுப் பதினொன்று.
முட்டை இருநூற்றுப் பதினான்கு.
ஒன்றுக்கு மூன்று டாலர் எழுபத்தொன்பது சென்ட்.
இதற்குள் விலை இறங்கி
கடையில் அந்தக் காசுக்கு ஒரு டஜன்.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே,
எங்கள் வீட்டில் சுண்டைக்காய்
பல்லக்கிலேயே வந்து இறங்கியது.

"கூட்டுக்கு ஒரு தடவைதான் செலவு" என்றான் வெண்டெல்.
"அடுத்த வருடம் பார்."

அடுத்த வருடம் ரக்கூன் பார்த்தது.
தாழ்ப்பாளை மனிதனைப் போலத் திறந்திருந்தது.
யூனிஸின் இறகுகள் வேலிவரைக்கும்.
புதுத் தாழ்ப்பாள் இரண்டு: இருபத்திரண்டு. வலப்பக்கம்.
அவன் மதியச் சாப்பாட்டைத் தொடாமல்
பனிவாரி வண்டியின் பிளேடை
மே மாதத்தில் தீட்டிக்கொண்டிருந்தது
எந்தப் பக்கமும் இல்லை.

மூன்றாம் வருடம் டாரிஸுக்கும் மேவிஸுக்கும் ஓய்வு வயது.
வாரம் இரண்டு, பிறகு ஒன்று,
பிறகு புழுதிக் குளியல் மட்டும்.
தீவனம் என்னவோ குறையவில்லை.
கணக்கு தெளிவாகச் சொன்னது: சூப்.
நான் அதைச் சத்தமாகவும் சொல்லிவிட்டேன்.

மறுவாரமே முட்டைகள் வரத் தொடங்கின.
நாளுக்கு இரண்டு, தவறாமல்,
பழுப்பாக, ஒரே அளவில்.
"பார்த்தாயா" என்றான் வெண்டெல்,
என்னைப் பார்க்காமல்.

ஜூலை. வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்த மதியம்
கூட்டுக்குள் கை விட்டேன்.
முட்டை சில்லென்றிருந்தது.
ஓட்டின்மேல் பொடிப்பொடியாக ஈரம்,
ஃபிரிட்ஜிலிருந்து இப்போதுதான் எடுத்ததைப் போல.
பக்கத்தில் டாரிஸ் உட்கார்ந்தபடி
தனக்கு ஒன்றும் தெரியாதென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கராஜில் கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால்
காலி அட்டைகள், ஒன்றுக்குள் ஒன்றாக, பதினொன்று.
எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது.

நோட்டைத் திறந்தேன்.
டஜன் நான்கு டாலர் இருபது வீதம்
வலப்பக்கம் ஏற்ற வேண்டும்.
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
பிறகு இடப்பக்கம் எழுதினேன்:
முட்டை, இரண்டு.

சாயங்காலம் அவன் வண்டிச் சாவியை எடுத்தபோது
அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னேன்,
தீவனத்தை இரண்டு மூட்டையாக வாங்கிவிடு,
தள்ளுபடி உண்டு.